மன்னிப்புக் கேட்க வருகிறார், ஓடுங்கள்!

அரிவாளோடு வருகிறவனைக்கூட "என்னடா மாப்ள, யாரைத் தேடுற?" என்று நிறுத்தி விசாரிக்கிற தெரு எங்கள் தெரு. அப்பேர்ப்பட்ட தெருவை, வெறும் மன்னிப்பை மட்டும் ஆயுதமாக ஏந்தி வந்து ஷட்டரை இறக்க வைத்த மனிதர் ஒருவர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் மன்னாப்பு அண்ணன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின், ஒரே பூ பார்டர், முகம் மட்டும் மாறும். கடைக்கு நேர் மேலே, மாடியில், ஒரு ஜெப வீடு. அதை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அண்ணன் குடியிருந்தார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஜெப வீட்டைக் கூட்டுவார், பாய் விரிப்பார், ஆராதனையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார்.

மிகக் கட்டுப்பாடான சபை அது. எல்லோருக்கும் வெள்ளை உடை. பெண்களுக்குத் தலையில் முக்காடு. காதில், மூக்கில் குண்டுமணித் தங்கம் கூடாது. டி.வி. கூடாது, சினிமா கூடாது, காய்ச்சல் வந்தால் மாத்திரை கூடாது, ஜெபம்தான். இயேசு எந்த நிமிஷமும் ரகசியமாக வருவார். ஆயத்தமாக இருப்பவர்களை மேகத்துக்கு எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் கீழேயே விடப்படுவார்கள். இதை அண்ணன் நம்பினார் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அடுத்த ஸ்டாப்பிங் அதுதான் என்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நாளைக்குப் பால் எம்புட்டு?"

"வருகை தாமதிச்சா அரை லிட்டரு."

அறைக்குப் பூட்டுப் போட மாட்டார். கேட்டால், "மேல போகும்போது சாவியைத் தேடிக்கிட்டா இருக்கிறது?" என்பார்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் உச்சி வெயிலில், தெருவில் ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்தில், மேலே பத்துப் பேர் ஒரே மூச்சில் யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபிக்கிற சத்தம் சீலிங் வழியாகக் கசிந்து இறங்கும். கீழே தனியாக உட்கார்ந்து, செத்துப்போனவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கிக்கொண்டிருப்பவனுக்கு அப்போது சிரிப்பு வராது. ஸ்கிரீனில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவாரோ என்றிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஒருவர் காலை ஒருவர் கழுவிவிட்டு, அப்பமும் திராட்சரசமும் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. யார் மீதாவது மனசில் கறை இருந்தால், அந்த ஆளிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாகிவிட்டுத்தான் வர வேண்டும். மற்ற விசுவாசிகள் இதைக் கொழுந்தன், நாத்தனார் வட்டத்துக்குள் முடித்துக்கொள்வார்கள். அண்ணனுக்குத்தான் குடும்பம் இல்லையே. தெருவையே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் செருப்பில்லாத காலோடு, சத்தமே இல்லாமல், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார். எப்போது வந்தார் என்று தெரியாது. நிமிர்ந்தால் இருப்பார்.

எதிர்த்த துணிக்கடை ஜெகன்னாதன் என் சிநேகிதன், சௌராஷ்டிரக்காரன். அவனிடம் போய் ஒருநாள் சொன்னார்: "தம்பி, செவ்வாக்கிழமை நீங்க சேலையை உதறிக் காட்டுறப்ப, 'இவன் மூஞ்சியப் பாத்துட்டு எவ வாங்குவா'ன்னு மனசுல நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

ஜெகனுக்கு அதுவரை தன் மூஞ்சியில் குறையே தெரியாது. அந்த வாரம் பூராவும் கண்ணாடி முன்னால் நின்றான்.

லாட்ஜ் மேனேஜர் வீட்டுக்குப் போய், "உங்க வீட்டம்மா கருவாடு வறுக்கிறப்ப மூக்கைப் பொத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றார். அந்தம்மா புருஷனிடம் திரும்பி, "நீங்க ஏன் ஒரு நாளும் சொல்லல?" என்று ஆரம்பித்தார். சண்டை சாயங்காலம் வரை நடந்தது. நமக்கே தெரியாத அவமானங்களை வாசலுக்கே கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

அதுவரை வேடிக்கைதான். பிறகு தேங்காய்க்கடைப் பெரியவர் செத்துப்போனார். வயசானவர், தூக்கத்திலேயே போனார். நான்தான் ஃப்ளெக்ஸ் அடித்தேன். அடுத்த மாதம் லாட்ஜ் மேனேஜர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து போனார். அந்த ஃப்ளெக்ஸும் நான்தான். பூ பார்டரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஜெகன் உள்ளே வந்து என் காதோரம் குனிந்தான்.

"மாப்ள, கவனிச்சியா? ரெண்டு பேருமே அவரு மன்னாப்புக் கேட்ட ஆளுங்க. மேனேஜர்கிட்ட போன சனிக்கிழமையும் கேட்டாரு. கேட்ட ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிருக்கு."

"உன்கிட்டயும்தான கேட்டாரு, நீ இருக்கியே?"

"நான் மன்னிக்கலடா. மூஞ்சியப் பத்தியில்ல பேசிட்டாரு! அவுங்க ரெண்டு பேரும் மன்னிச்சாங்க. கணக்குத் தீந்துச்சு, போய்ட்டாங்க." அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் ஓடவில்லை. பயம் வந்தால் அவனுக்குச் சௌராஷ்டிரம்தான் வரும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எனக்குக் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது.

பற்றாததற்கு ஒரு தெருநாய். தெரியாமல் அதன் வாலை மிதித்துவிட்டு அண்ணன் அதனிடமும் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் நாயைக் காணோம். மாநகராட்சி வண்டி பிடித்துப் போனதாகப் பால்காரர் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அதிலிருந்து முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை என்றால், வெள்ளைத் துணி தெருமுனையில் தெரிந்ததுமே வரிசையாக ஷட்டர்கள் இறங்கும். தடதடவென்று ஒரு சத்தம். அப்புறம் மயான அமைதி. அந்த அமைதிக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் நடந்து போவார்.

நான் பயப்படவில்லை. பயப்படாத மாதிரி காட்டிக்கொள்ள டீக்கடையில் நின்று அவர்கள் பாஸ்டர் மாதிரி பேசிக்காட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைக்கிற பழக்கம். மேடேறும் லாரி கியர் மாற்றுகிற மாதிரி இருக்கும். அதை நான் அப்படியே செய்வேன். கடையே உருண்டது. திடீரென்று எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பினால், ஒரு சாண் தூரத்தில் மன்னாப்பு அண்ணன். கண் இரண்டும் சிவந்து, உதடு துடிக்க, முகமெல்லாம் விறைத்து.

"பரியாசம் பண்றவனுக்கு நரகத்துல தனி எடம் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார்.

அடுத்து வந்த சனிக்கிழமை, அவர் நேரே வந்தது என் கடைக்கு.

ஷட்டரை இறக்கிவிட்டேன். ஆனால் அதன் அடியில் ஓர் இடைவெளி உண்டு. அதில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. அசையவே இல்லை.

"தம்பி, ஒரு வார்த்தை."

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய இருந்தே கேக்கக் கூடாது தம்பி. மொகம் பாத்துக் கேக்கணும்."

வெகுநேரம் கழித்து, "வருகை தாமதிச்சா அப்புறம் வாரேன்" என்றார். கால்கள் மறைந்தன. நடந்து போன சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

அந்தத் திருவிருந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் எனக்கு ஒரு புது வியாதி, ஒரு புது ஊர்ப் பயணம். மூன்றாவது திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, சாக்கு எதுவும் மிச்சமில்லாமல், மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது, விதி யாரை விட்டது, எனக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தால் எந்த போட்டோவைப் போடுவார்கள் என்று ஒரு யோசனை. ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டால் மானம் போய்விடும். சரி, நாமே ஒன்றைத் தேர்ந்துவைப்போம் என்று கம்ப்யூட்டரில் என் முகத்தை எடுத்துப் பூ பார்டருக்குள் உட்காரவைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தமே பிடிக்காமல் அழிக்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஸ்கிரீன் கறுத்தது. என் முகம் இருந்த இடத்தில், கறுப்புக் கண்ணாடிக்குள், எனக்குப் பின்னால் ஒரு வெள்ளை உருவம்.

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள், ஸ்டூலோடு ஓடியதாகச் சொல்கிறார்கள். ஆரப்பாளையத்தில் நகர ஆரம்பித்த ஏதோ ஒரு பஸ்ஸில் தொற்றினேன். நாகமலை புதுக்கோட்டையில் மூச்சு வந்தது, இறங்கினேன். யுனிவர்சிட்டி பக்கம் ரோடு வெறிச்சென்று கிடந்தது. மலை, இரை விழுங்கின பாம்பு மாதிரி அசையாமல் படுத்திருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கானல் அலையும் ரோட்டின் அந்தக் கடைசியில், தரையில் கால் படாத மாதிரி, ஒரு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிக்க மாட்டேன், மன்னிக்க மாட்டேன்" என்று முனகினேன்.

"அண்ணே, ஆரப்பாளையம் ஃப்ளெக்ஸ் கடைக்காரருதான? தலைவர் பொறந்தநாளுக்கு பதினஞ்சடியில ஒண்ணு அடிக்கணும். எதை மன்னிக்க மாட்டீக?" என்றார் வந்த கட்சிக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அவரு வந்துட்டுப் போறாரு" என்றாள்.

"வீட்டுக்கேவா?"

"ஒக்காருங்க. கடைக்கு வந்தவரைப் பாத்து ஓடிட்டீங்களாம். அவருக்குக் காய்ச்சல். ஒடம்பு அனலா கொதிக்குது. மாத்திரை குடுத்தா வேணாங்கிறாரு. ரெண்டு திருவிருந்துலயும் அப்பம் எடுக்கலையாம். கடைசி வரிசையில ஒக்காந்து, தட்டு வந்தா அடுத்த ஆள்கிட்டக் குடுத்துர்றாராம். பாடுறதும் இல்லையாம்."

மாடியில் அந்தப் பெருங்குரல் கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன சொன்னாரு தெரியுமா?" செல்வியின் குரல் இறங்கிவிட்டது. "'இந்த நிலைமையில வருகை வந்துட்டா நான் விடுபட்டுப் போயிருவேன்மா. எல்லாரும் மேல போவாக, நான் மட்டும் இந்தத் தெருவுல நிப்பேன். உங்க வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவ என் மொகத்தப் பாக்கச் சொல்லுங்க'ன்னு அழுகுறாருங்க. வளந்த மனுஷன்."

"அவரு கேட்டு நான் மன்னிச்சு, எனக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா?"

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருக்குச் சொர்க்கம் போகுது. உங்களுக்கு என்ன போகுது? இந்தத் தொப்பையா?"

மறுநாள் திருவிருந்து ஞாயிறு. மாடிப்படி ஏறினேன். எத்தனையோ தடவை ஏறின படிதான். அன்றைக்கு நீண்டுகொண்டே போயிற்று. உள்ளே மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. சுவர் வெள்ளை, பாயில் இருந்தவர்கள் வெள்ளை, முக்காடுகள் வெள்ளை. யாரும் பேசவில்லை. ஆண்கள் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு, மண்டியிட்டு ஒருவர் காலை ஒருவர் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சிந்துகிற சத்தம் மட்டும். நான் ஏற்கெனவே செத்துவிட்டேன், இதுதான் அந்த இடம் என்று ஒரு நிமிஷம் உறுதியாக நம்பினேன். பிளாஸ்டிக் பேசின்தான் என்னை மீட்டது.

கடைசி வரிசையில், காலைக் கழுவிக்கொள்ளாமல், சுவரில் சாய்ந்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நானே போய் எதிரே உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"கேளுங்கண்ணே" என்றேன்.

"தம்பி, அன்னைக்கு டீக்கடையில எங்க பாஸ்டரய்யா மாதிரி கனைச்சுக் காட்டுனீகள்ல?"

"ஆமாண்ணே."

"எனக்குச் சிரிப்பு வயித்தைப் புடுங்கிருச்சு தம்பி."

"சிரிப்பாண்ணே?"

"அதை மறைக்கத்தான் கண்ண உருட்டுனேன். உங்களுக்கு நரகம்னு சொல்லிப்புட்டு, ரூமுக்குப் போயி தலகாணியில மூஞ்சியப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். சிரிச்ச எனக்குச் சொர்க்கமாம், சிரிக்க வச்ச உங்களுக்கு நரகமாம். பொய்க்கோவம் தம்பி. தப்பில்லாத ஆளை நியாயந்தீர்த்துப்புட்டேன். மன்னிச்சிருங்க."

ஜெகன் சொன்ன கணக்கு, தேங்காய்க்கடைப் பெரியவர், மேனேஜர், நாய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதிரே அந்தக் காய்ச்சல் கண்கள் காத்துக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுட்டேண்ணே."

அந்த நேரம் பார்த்து, முன்னால் பாஸ்டர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். லாரி, கியர், மேடு, எல்லாம் ஒரிஜினல். நான் அண்ணனைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தார். இரண்டு பேர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து விசுவாசி, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதாக நினைத்து, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்றார்.

அதன் பிறகு அண்ணன் போய்க் காலை நீட்டினார். யாரோ கழுவிவிட்டார்கள். நான் வாசலுக்கு வந்து நின்றேன். அப்பத்தட்டு வரிசை வரிசையாக நகர்ந்து அவரிடம் வந்தது. இந்தத் தடவை அவர் அதைத் தள்ளிவிடவில்லை. ஒரு சின்னத் துணுக்கை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளை மாதிரி மெதுவாக மென்றார்.

படியிறங்கும்போது பயம் போய்விட்டதா என்றால், இல்லை. என் கதை அந்த வாரத்தோடு முடிந்தது என்றே நம்பினேன். ஆனால் மனசுக்குள் ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது: செத்தாச் செத்துட்டுப் போறோம், அந்த மனுஷன் சாப்பிட்டாருல்ல.