ஐம்பத்தெட்டாவது நிமிடம்

ஏழாவது நிமிடத்தில் டொமினிக் கதிரையை விட்டு எழுந்தான்.

"எங்க மச்சான்?" என்றான் ஜக்சன்.

"போன் வருது."

"உன்ர போன் மேசையில கிடக்கு."

டொமினிக் போனை எடுத்துப் பார்த்தான். அது பேசாமல்தான் கிடந்தது. "இனித்தான் வரும்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

பதினோராவது நிமிடத்தில் அறையில் மிஞ்சியவர் கலீலுர் றஹ்மான் ஒருவர்தான். ஓர்ஸ் ஹில்லில் ஜக்சன் வேலை செய்யும் அலுவலகத்தின் தலைமைக் கிளாக்கர். அவர் கண்ணை மூடி ரசிக்கிறார் என்று ஜக்சன் நினைத்திருந்தான். குறட்டை வந்தபோது அந்த ஆறுதலும் போனது.

ஜக்சன் அவர்களுக்குப் போட்டுக் காட்டிய பாட்டு அல்பத்தின் பெயர் 'இரும்பின் உறக்கம்'. திருகோணமலைத் துறைமுகத்தின் அடியில் கிடக்கும் ஒரு கப்பல் தன் கதையைத் தானே சொல்கிறது. ஐம்பத்தெட்டு நிமிடம், ஒரே மூச்சு, நடுவில் நிறுத்தம் கிடையாது. இதற்காக ஜக்சன் ஆறு வருடம் செலவழித்திருந்தான். வள்ளத்தில் போய் மிதவையின் மணியோசையைப் பதிந்து வந்தான். பாரந்தூக்கி முனகுவதைப் பதிந்தான். ட்ரம்ஸ் ஒரு தாளத்தில் போக, கிற்றார் இன்னொரு தாளத்தில் போகும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்பது ஜக்சனுக்கு மட்டும் தெரியும். புரோகிரசிவ் ரொக் இசை என்றால் அப்படித்தான் என்று அவன் சொல்வான். இணையத்தில் போட்டதை நாற்பத்தொரு பேர் திறந்து பார்த்தார்கள். அதிலே நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவர் இரண்டு நிமிடம் இருந்தார்.

விருந்தாளிகள் போனதும் மனைவி நிரோஷினி குசினியிலிருந்து வந்தாள். அவளுடைய தையல் மெஷின் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போன மாதம் ஒரு கலியாணச் சட்டையில் குழம்பு தெறித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

"இஞ்ச பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கிறன். உங்கட அல்பத்த ஒரேயொரு ஆள் கடைசிவரைக்கும் கேட்டா, இந்த அறை உங்களுக்கு. இல்லாட்டி அறை என்ர மெஷினுக்கு. கீபோட் அலுமாரிக்கு மேல."

"நீயே கேட்கலாமே."

"நானும் மூண்டு தரம் தொடங்கினனான். ஏலாது."

ஜக்சன் மறுக்கவில்லை. நியாயம் அவள் பக்கம் இருந்தது. ஆனால் அந்த அறை போனால் தானும் அலுமாரிக்கு மேலே போனது மாதிரித்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மாலை றோல்ஸ் பொரித்து மறுபடி எல்லோரையும் அழைத்தான். வந்தவர்கள் றோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புதன்கிழமை, அல்பம் முடிந்த பிறகுதான் றோல்ஸ் என்று அறிவித்தான். எல்லோரும் ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை இருபது பென்ரைவ் வாங்கி, அல்பத்தை ஏற்றி, அலுவலகத்தில் பங்கிட்டான். வெள்ளிக்கிழமை கலீலுர் றஹ்மான் அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல சாமான் தம்பி. மகள்ட கலியாண வீடியோ முழுக்க அதுக்குள்ள பிடிச்சிட்டு."

"அப்ப பாட்டு?"

"அத அழிச்சாத்தானே இடம் வரும்."

அன்று மதியம் சாப்பாட்டு அறைக்குள் ஜக்சன் நுழைந்ததும் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. பார்சலை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். அவன் தனியே இருந்து சாப்பிட்டான்.

ஆட்கள் அல்பத்திடம் வரமாட்டார்கள் என்றால், அல்பம் ஆட்களிடம் போகட்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜக்சன் றம்ஸானின் ஓட்டோவைப் பிடித்தான். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் பூட்டிய ஓட்டோ அது. தண்ணீர் வெட்டு, மரண அறிவித்தல், லொத்தர் சீட்டிழுப்பு, காணாமல் போன மாடு என்று ஊருக்கு எந்தச் செய்தி சொல்வதென்றாலும் றம்ஸான்தான்.

"ஓர்ஸ் ஹில்லில தொடங்கிப் பாலையூற்றில என்ர வீட்டு வாசல் மட்டும். ஐம்பத்தெட்டு நிமிசத்தில போய்ச் சேரோணும்," என்றான் ஜக்சன்.

"அப்ப நடக்கிற வேகந்தான் அண்ணன்."

"ஓம். நடுவில நிப்பாட்டக்கூடாது. நீ மைக்கைத் தொடவே கூடாது."

றம்ஸான் முதல் ஒரு நிமிடத்தைக் கேட்டுப் பார்த்தான். கடலில் பதிந்த மணி தனியே ஒலித்தது. ஓர் அடி, நீண்ட அமைதி, பிறகு இன்னோர் அடி.

"இந்த மணிய முதல்ல போடத்தான் வேணுமா?"

"அதுதான்ரா அல்பத்தின்ர உயிர்."

"உங்கட விருப்பம். சனம் வெளிய வரும், அது மட்டும் உறுதி."

சனம் வந்தது. மூன்றாவது மணியோசைக்கே கதவுகள் திறந்தன. அடுப்படியை விட்டு ஒருத்தி ஓடி வந்தாள், கையில் பிட்டு மாவோடு. தேநீர்க் கடைக்காரர் தன் ரேடியோவை நிறுத்தினார். மடித்துக் கட்டியிருந்த சாரங்களை ஆண்கள் அவிழ்த்து இறக்கிவிட்டார்கள். ஒருவரும் பேசவில்லை.

ஓட்டோவுக்குள் இருந்த ஜக்சனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் கப்பலின் குரல் தொடங்கும். அவனே அடித்தொண்டையில் பாடியது.

"எண்பத்திரண்டு ஆண்டுகள்... ஆழத்தில் கிடக்கிறேன்... ஒருவரும் வந்து பார்க்கவில்லை..."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர் தலையை ஆட்டினார். "எண்பத்திரண்டு வருசம். சின்னக் காலமா?"

ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்ற வரி மறுபடி வந்தபோது ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஜக்சனும் துடைத்தான். ஆறு வருடமாக அவன் தேடிய முகம் இப்போது வீதிக்கு இருபது இருந்தது.

சந்தியில் ஒரு சிக்கல். இரண்டு பஸ், ஒரு மணல் லொறி, பொறுமையில்லாத ஹோன்கள். கிற்றாரின் மெல்லிய பகுதி போய்விடப்போகிறதே என்று ஜக்சன் பதறினான். போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையை உயர்த்தி இரண்டு பக்கத்தையும் மறித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஹோன்கள் அடங்கின. மணல் லொறிக்காரன் எஞ்சினையே நிறுத்தினான்.

"றம்ஸான், பார்த்தியா?"

"பார்க்கிறன் அண்ணன்."

அதற்குப் பிறகு சனம் நின்று கேட்கவில்லை, பின்னாலேயே நடந்தது. முப்பதாவது நிமிடத்தில் ஐம்பது பேர் இருக்கும். ட்ரம்ஸும் கிற்றாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் அந்தப் பயங்கரமான நாற்பதாவது நிமிடத்தில், அவனுடைய சொந்தத் தம்பியே எழுந்து ஓடிய இடத்தில், ஒருவரும் விலகவில்லை. இன்னும் நெருங்கி வந்து காதைக் கொடுத்தார்கள்.

ஒருவர் ஓட்டோவுக்குள் குனிந்து, "வீடு எங்க தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

"பாலையூற்று. தேவாலயத்துக்குப் பின்னால. என்ர வீடுதான்," என்றான் ஜக்சன். அவர் அவனுடைய கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அந்தச் செய்தி கூட்டத்துக்குள் பரவுவதை அவன் பார்த்தான்.

வீட்டு வாசலில் நிரோஷினி நின்றாள். தோளில் அளவு நாடா, வாயில் குண்டூசி. ஓட்டோவுக்குப் பின்னால் வீதி நிறைய ஆட்களைக் கண்டதும் குண்டூசியை எடுத்துவிட்டாள். அப்போது ஐம்பத்தைந்தாவது நிமிடம். கப்பல் சேற்றை உதறி எழும்புகிற இடம். பாரந்தூக்கியின் முனகல் மெல்ல மெல்ல ஒரு பாட்டாக மாறியது. இரண்டு தாளமும் கடைசியில் ஒன்றாக வந்து விழுந்தன. இந்த இடத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அசையாமல் நின்று கேட்டாள். கடைசி மணி அடித்து அடங்கியது.

வீதியில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லோரும் ஒலிபெருக்கிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ்வளவு நல்லா முடியுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே," என்றாள் நிரோஷினி.

"கேட்டாத்தானே தெரியும்."

"அறை உங்களுக்குத்தான். நான் குசினியில தைக்கிறன்."

அதற்குள் டொமினிக் தன் சின்ன லொறியில் முப்பது பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினான். ஓடி வந்து ஜக்சனைக் கட்டிப்பிடித்தான். "எனக்கு ஒண்டுமே தெரியாமப் போச்சு மச்சான். மன்னிச்சுக்கொள்." ஏழாவது நிமிடத்தில் எழுந்து போனதை ஜக்சன் அந்த இடத்திலேயே மன்னித்தான்.

கூட்டம் தயங்கித் தயங்கி வளவுக்குள் வந்தது. முன்னால் வந்தவர் நஜ்முன் நிஸா ரீச்சர். ஓர்ஸ் ஹில்லிலிருந்து முழுத் தூரமும் வெயிலில் நடந்து வந்திருந்தார். வழியில் வாங்கிய ஒரு கிலோ சீனியை நிரோஷினியின் கையில் வைத்தார்.

ஜக்சன் அவரிடம் ஓடினான். "ரீச்சர், முழுக்கக் கேட்டீங்களா?"

"ஒரு சொல்லு விடல்ல தம்பி."

"கடைசிவரைக்கும்?"

ரீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கடைசிவரைக்கும் காதக் குடுத்துக்கிட்டுத்தான் வந்தம். செத்தது ஆரெண்டு மட்டும் சொல்லவேயில்லையே."