வேலை நிரந்தரமாவதற்குள்

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, 14.9.2008

மடத்துக்குளம் மச்சான் சிவராஜ் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் குமாரசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்களும் கமலாம்பாள் அக்காவும் தென்னைகளும் மாடு கன்றுகளும் நலமாயிருக்க மாகாளியைக் கும்பிடுகிறேன். மூவரும் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. இருவர் நலம். நான் நலமில்லை. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன் இருப்பது டிவிக்குப் பக்கத்தில், டிவிக்கு எதிரில் எந்நேரமும் உங்கள் தங்கை விஜயகுமாரி. நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அவள்தான் முடிப்பாள், அதுவும் எனக்கு எதிராக. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

ஆதியிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். எங்கள் ஒரே பிள்ளை, உங்கள் மருமகள் மைதிலி நூலக அறிவியல் படிக்கிறேன் என்றபோது, புத்தகத்தை அடுக்கி வைக்கவா ஒரு படிப்பு, பனியன் அடுக்குகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டா அடுக்குகிறார்கள் என்று கேட்டவன் நான். சொன்னால் கேட்கிற பிள்ளையா அது, உங்கள் வகையறா அல்லவா. படித்தாள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள், காத்திருந்தாள். பல்லடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் நூலகம் என்பது ஒரு பீரோ, அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது, இவளுக்கு வேலை பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது. அதை விட்டுவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் ரூமுக்குப் போனாள். நான் சொல்லித்தான் சேர்த்தார்கள், ஆயுசு முழுக்கச் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவன் பேச்சுக்கு அந்த மரியாதையாவது உண்டு. அங்கே இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு சாம்பிள் பனியனுக்கும் புத்தகத்துக்குப் போடுவது போல நம்பர் போட்டு, உள்ளே அட்டை வைத்து, அலமாரியில் நிறுத்தி வைத்தாள். பனியன் நிற்குமா மச்சான்? நிற்க வைத்தாள். ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் ஒரு பனியனைத் தொட்டுப் பார்க்கப் போக, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், வெளியே எடுத்துப் போவதானால் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனால் எங்களுக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

அப்புறம்தான் இந்த வருசம் எங்கள் பக்கத்து ஊர்ப்புற நூலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. மூடிக் கிடக்கிற சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம், ஒரே ஹால், நாலு அலமாரி, நீள மேசை, சுற்றிலும் மர நாற்காலிகள். எல்லாம் இருக்கிறது, வாசகர்தான் இல்லை. இந்த ஊரில் யார் வருவார்கள்? காலையில் கம்பெனிக்குள் போகிறவன் இருட்டினால்தான் வெளியே வருகிறான், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டுத் தூங்குகிறான். இவளோ புத்தகத்தைத் துடைப்பதும் அடுக்குவதுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். இதில் நூலகத் துறை அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், ஆய்வுக்கு ஒரு அதிகாரி வருவார், வாசகர்கள் இருந்தால் வேலையை நிரந்தரமாக்க எழுதுவார், இல்லாவிட்டால் நூலகத்தை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுவார்கள், இவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். பிள்ளை சோறு தின்பதைக் குறைத்துவிட்டாள். பெற்ற வயிறு கேட்குமா? உங்கள் தங்கைக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. ரிட்டயர் ஆனவன்தானே, நாமாவது ஒரு வாசகனாகப் போய் உட்காரலாம் என்று தினமும் போக ஆரம்பித்தேன்.

அங்கேதான் மச்சான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. ஆடி மாதம், நல்ல உச்சி வேளை. மைதிலி புதுப் புத்தகக் கட்டை வாங்கி வர பல்லடம் போயிருந்தாள். நான் அவள் மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நம் பக்கத்து வளர்ப்பு எப்படி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒறம்பரை வந்து வாங்க என்று சொல்லாவிட்டால் பத்து வருசம் ஆனாலும் அந்தப் பேச்சு போகாது. தலையைத் தூக்காமலே, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டேன். நாற்காலி இழுபட்டது. உட்கார்ந்ததில் கட்டை முனகியது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தரும் இல்லை. நாற்காலி மட்டும் மேசையை விட்டுத் தள்ளி, ஒரு ஆள் கால் நீட்டிக்கொள்கிற இடம் விட்டு நிற்கிறது. ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் தண்ணீர் கேட்டாயிற்றே, கொடுக்காமல் எப்படி இருப்பது? சொம்பில் மோந்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். மைதிலி வந்த பிறகு அவள் பின்னாலேயே உள்ளே போனேன். சொம்பு காலி.

அன்றிலிருந்து வரத்து அதிகமாகிவிட்டது. மரியாதையாக நடத்துகிற இடம் என்று ஒருத்தர் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பார் போல. கரண்ட் போய் ஃபேன் நிற்கிறபோது பக்கம் புரட்டுகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்கிறது, மேசையின் இந்தக் கடைசியில் ஒன்று, அந்தக் கடைசியில் ஒன்று. மதியம் நடை சாத்திவிட்டுப் போய்ச் சாயங்காலம் திறந்தால் பேப்பர் எல்லாம் பேக்கிங் செக்‌ஷன் மடிப்பு போல நறுக்காக மடிந்திருக்கிறது. அதைவிட அந்த வாசம். மற்றவனுக்குத் தெரியாது, துணியோடு வாழ்ந்தவன் மூக்கு எனக்கு. சலவை காணாத புதுக் கோடித் துணி வாசம் மச்சான், இழவு வீட்டில் போர்த்துகிறோமே, அந்தக் கஞ்சி மொடமொடப்பு கலையாத வாசம். எதிர்த்தாற்போல டீக்கடை போட்டிருக்கிற உசிலம்பட்டிக்கார ஒச்சம்மாளிடம் மெதுவாக விசாரித்தேன். நூலகம் கட்டுவதற்கு முன்னால் அது சுடுகாட்டுப் பாதை, பாடையை இறக்கித் திருப்பி வைக்கிற இடம் என்றாள். "எறக்கி வச்சவுக எல்லாருமா மறுபடி ஏறிப் போயிருப்பாக? களைப்பா இருந்துச்சோ என்னமோ, உக்காந்துட்டாக" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதை மைதிலியிடம் சொன்னேன். பயந்து வேலையை விடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது மச்சான். தனக்கு முன்னமே தெரியும் என்றாள். வரலாறு வரிசையில்தான் நிறையக் கை வைக்கிறார்களாம், சமையல் புத்தகத்தை யாரும் தொடுவதில்லையாம். "கண்ணுக்குத் தெரியாட்டியும் வாசகர் வாசகர்தானுங்கப்பா. பொஸ்தகத்துல கிறுக்கறதில்ல, பக்கத்தக் கிழிக்கறதில்ல, எடுத்த எடத்துலயே வெக்கறாங்க. இப்பிடி வாசகர் வேற ஆருக்குங்க கெடைப்பாங்க" என்கிறாள். உங்கள் தங்கையிடம் முறையிட்டேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேய்க்குப் பயந்துட்டு ஆராச்சு கவர்மெண்ட் வேலைய உடுவாங்களா" என்று கேட்டாள். நான் ஆருக்கிட்டத்தான் போய்ச் சொல்லுவேன்? ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு நானே அவர்களை அனுப்பிவிடுவதென்று போனேன். ஹால் நடுவில் நின்று தொண்டையைச் செருமினேன். ஆனால் வந்தவர்களைப் பார்த்துப் போ என்று சொல்ல இந்த வாய் பழகவில்லையே. அத்தனை பேர் படிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பது போல ஒரு அமைதி வேறு. அட்டையெல்லாம் கிழியாம இருக்குதுங்களா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை சாயங்காலம் ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். மோட்டார் சத்தம் கேட்கவில்லை, நடந்தே வந்திருப்பார். வெறுங்காலோடு வாசலில் நின்றார், செருப்பை வெளியே விட்டிருப்பார் என்று நினைத்தேன். ஹாலில் நானும் மைதிலியும்தான். என் கண்ணுக்கு அத்தனை நாற்காலியும் காலி. போச்சு, பிள்ளை வேலை போச்சு என்று ஒரு பக்கம் துக்கம், ஒழிந்தது சனியன் என்று மறுபக்கம் நிம்மதி. அவரோ ஹாலைச் சுற்றிப் பார்த்து, "கூட்டம் எச்சா இருக்குதுங்களே" என்றார். கூட்டம் அதிகமாம், நான் நாற்காலிகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் நடுவே போகிறவர் போல உடம்பை ஒருக்களித்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கு இடையில் நடக்கிறார். ஓரிடத்தில் நின்று குனிந்து, வலி பரவாயில்லையா என்று ஒரு காலி நாற்காலியை விசாரிக்கிறார். வாசமானால் அன்றைக்குத் தாங்கவில்லை. பேச்சை மாற்ற, வேட்டி நல்ல புதுசாக இருக்கிறதே என்றேன். மச்சினன் எடுத்துப் போட்டது என்றார், அவ்வளவு பாசமாக. போகும்போது மைதிலி தலையில் கை வைத்து, "உன்ர வேலை நெரந்தரம் கண்ணு. இனி உன்னைய இங்கிருந்து ஆரும் கெளப்ப முடியாது" என்றார். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கை ஐஸ் மாதிரி இருந்ததுங்கப்பா, பாவம் அனீமியா போல என்று அப்புறம் சொன்னாள்.

ஆரும் கெளப்ப முடியாது என்றால் என்ன அர்த்தம் மச்சான்? கண்ணை மூடினால் அந்த வார்த்தைதான் காதில் விழுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்தும் கிசுகிசுவென்று தாழ்ந்த குரலில்தான் பேசுகிறாள், காலடிச் சத்தமே கேட்பதில்லை, அவள் துப்பட்டாவிலும் நேற்று அந்த வாசம் அடித்தது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. நிரந்தர உத்தரவு வருவதற்குள் நான் அவளை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி முதலாளி உங்களோடு படித்தவர்தானே. அங்கே நூலகத்தில் ஒரு உதவியாளர் வேலை, சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, உயிருள்ள பிள்ளைகள் வந்து சத்தம் போட்டுப் புத்தகத்தைக் கிழிக்கிற இடமாக இருந்தால் போதும். தாய்மாமன் நீங்கள் கூப்பிட்டால் வருவாள். இதுவரை உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை, இதைக் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். உங்கள் தங்கைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

கமலாம்பாள் அக்காவுக்கு என் கும்பிடு. சினை மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும். காய் நல்ல விலைக்குப் போக வேண்டும். குடும்பம் தழைத்து, விளக்கு அணையாமல் இருக்க மாகாளி துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய,
வே. குமாரசாமி

பி.கு.: திங்கட்கிழமை சாயங்காலம் இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி முதலாளியிடம் வாயைத் திறக்காதீர்கள். இன்று காலை அலுவலகத்திலிருந்து மைதிலிக்குப் போன் வந்தது. ஆய்வு அதிகாரி வருகிற வியாழக்கிழமை வருகிறாராம். புதன்கிழமையே வந்துவிட்டுப் போனாரே என்றதற்கு, நாங்கள் யாரையும் அனுப்பவில்லை, அவர் இன்னும் கோயமுத்தூரை விட்டே கிளம்பவில்லை என்றார்களாம். வியாழன் வந்து பார்க்கிறபோது வாசகர் இல்லையென்றால் அத்தோடு நூலகம் மூடல். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான். சின்ன வயதிலிருந்து கீழே விழுந்தாலும் அழாத பிள்ளை மச்சான் அது. "எல்லாரும் சிரிச்சாங்கப்பா, எனக்குன்னு கெடைச்சது இந்த ஒரு எடந்தானுங்க" என்று சொல்லி விம்மி விம்மி அழுதாள். பயமாவது ஒன்றாவது, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனேன். ஹால் நடுவில் நின்று கைகூப்பி, "சாமிகளா, வியாழக்கெழம நீங்க ஒருத்தர் உடாம வரோணுமுங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி வரோணும். எம்புள்ள பொழப்புங்க" என்று கேட்டேன். அப்புறம் சுற்றிலும் அத்தனை நாற்காலியும் ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்குப் பக்கத்தில் நகர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்தன. இருந்தாலும் உயிருள்ளவர்களும் ஒரு நாலு பேர் இருந்தால் நல்லது. ஆகவே நீங்களும் அக்காவும் தவறாமல் வந்துவிடுங்கள். தபாலில் போட்டால் நாளாகும், உடுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வந்ததும் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட வேண்டாம், நாற்காலியில் ஆராச்சு இருக்காங்களா என்று மைதிலியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.