காற்று போகும் வழி

நாகரிகங்கள் ஆற்றங்கரையில்தான் தோன்றும் என்று எழுதிவைத்தவர்கள் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்க்காதவர்கள். ஷவருக்கு மேலே கட்டைவிரல் அளவில் கறுப்பாகப் பிறந்த பூஞ்சை, ஒரே மழைக்காலத்தில் கூரையைப் பிடித்து, ஜன்னல் சட்டத்தில் கிளை திறந்து, துண்டு மாட்டும் கம்பிவரை வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் கம்பெனிகூட இந்த வேகத்தில் வளர்ந்ததில்லை.

அந்தக் குளியலறைதான் என் 'ஆய்வுக்கூடம்'. தினமும் நாற்பது நிமிடம் குளிப்பேன். வெளியே வரும்போது உடம்பு சுத்தமாக இருக்கிறதோ இல்லையோ, தகவல் சுடச்சுட இருக்கும். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை வேலையை விட்டதை, அவர் மாமனாருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். தெருவில், "எப்படிங்க உங்களுக்கு மட்டும் தெரியுது?" என்று வாயைப் பிளப்பார்கள். "காது கொடுத்துக் கேட்டா எல்லாம் தெரியும்" என்பேன், மிகுந்த அடக்கத்தோடு.

இதற்கிடையில் என் மகள் இருமத் தொடங்கினாள். மூன்றாவது பாட்டில் மருந்தும் காலியானபோது டாக்டர், "வீட்டுல பூஞ்சை இருக்கா?" என்று கேட்டாராம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். இல்லன்னா நானும் அவளும் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம்" என்றாள் மனைவி.

உடனே 'பூஞ்சை ஒழிப்பு உயர்மட்டக் குழு'வைக் கூட்டினேன். தலைவர் நான். உறுப்பினர் இருவரில் ஒருவர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் இருமிக்கொண்டிருந்தார். ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: குற்றவாளி, பக்கத்து வீட்டுக் குழாய்க் கசிவு. தீர்மானத்தைச் சலூனிலும் மருந்துக்கடையிலும் வாய்மொழியாக வெளியிட்டேன்.

சனிக்கிழமை பெயின்டர் வந்தார். சுவரைத் தடவினார், மோந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கசிவெல்லாம் இல்ல சார். குளிக்கிற ஆவி வெளிய போக வழியில்லாம இங்கேயே ஒட்டிக்கிச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலையா?"

"அது கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சே. இவர்தான் பார்த்துச் சொன்னார்" என்றாள் மனைவி.

பெயின்டர் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார். "கெட்டெல்லாம் போகலம்மா. யாரோ பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்காங்க."

"அது... சத்தம் கொஞ்சம் அதிகம்" என்றேன்.

"மிக்ஸி பக்கத்துலயே குறட்டை விடுற ஆளுக்கு, ஃபேன் சத்தம் அதிகமா?"

அந்த நேரம் பார்த்து, ஃபேன் ஓட்டை வழியாக, ரேடியோ மாதிரி தெளிவாக, பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் வந்தது: "நம்ம குழாய் ஒழுகுதுன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியறாராமே அந்த ஆளு!"

மனைவி ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் நாற்பது நிமிடக் குளியல் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"காத்து போற வழியில காதை வெச்சிருக்கீங்க!"

பெயின்டர் மெல்லக் கீழே இறங்கி, தன் பிரஷ்ஷை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார். குளியலறை வாசலில் நின்ற மகள், ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சுத் திணற இருமினாள்.

இப்போது ஓட்டையில் பக்கத்து வீட்டுக்காரர் குரல்: "குழாய் கிடக்கட்டும், விடு. அந்தப் பொண்ணு இருமறது சுவர் தாண்டி நமக்கே கேக்குது. அவங்க அப்பாவுக்குக் காது கேக்காதா?"

யாரும் சொல்லாமலே ஸ்டூலில் ஏறி, பிளக்கைச் சொருகினேன். ஃபேன் இரைந்தது. அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.