முன்குடுமியார் பார்த்த ஈரல்

புதுக்கோட்டைச் சீமையிலேயே தலைமயிரை வைத்து பஸ்ஸில் இடம் பிடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு முன்குடுமியார்தான். நெற்றிக்கு மேலே உருண்டையாகக் குடுமி. அதில் குறுக்கே நீளமாக ஒரு பித்தளை ஊசி. அன்னவாசல் பஸ்ஸில் என்ன நெரிசல் இருந்தாலும் அவர் தலையைத் திருப்பினால் இரண்டு பக்கமும் காலியாகிவிடும்.

தொழில் சமையல். சுதந்திரம் வந்த புதிதில் சர்வே கோஷ்டி ஒன்றுக்குச் சோறாக்க அசாம் மலைப்பக்கம் போனவர், காய்ச்சலில் விழுந்து, மழைக்காலம் முழுக்க அபதானி என்ற மலைவாசி மக்கள் வீட்டில் கிடந்து பிழைத்தார். திரும்பி வந்தபோது அவர்களுடைய குடுமி, இடுப்பில் அவர்களுடைய சிவப்புப் பிரம்பு வார், அவர்களைப் போலவே சூரியனுக்கும் நிலாவுக்கும் கும்பிடு. “அங்கிட்டு...” என்று வாயைத் திறந்தாலே தெரு கலைந்துவிடும்.

“அங்கிட்டுப் பொம்பளைங்க மூக்குல ரெண்டு பக்கமும் கறுப்பா வட்டக் கட்டை வச்சிருப்பாக. தாடையில பச்சை குத்தியிருப்பாக. அதான் லெச்சணம்.”

“ஒங்க வீட்டுக்காரிக்குப் போட்டுவிடுறதுதானே?” என்றாள் அம்மா.

“கேட்டேன். கரண்டியத் தூக்கிட்டா.”

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கீரனூர் வாத்தியார் வரன் வந்தது. இரண்டு பேருக்கும் பிடித்தும்விட்டது. ஆனால் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தால், அப்பா நினைத்த வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு வந்தது. அப்பா முடியாது என்றுவிட்டார். அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள்.

முன்குடுமியார் நேராக வீட்டுக்குள் வந்தார்.

“அண்ணே, சாமிகிட்ட ஒரு தடவைதான் கேக்கணுமா? அங்கிட்டுக் கல்யாணம்னா கோழி ஈரலத்தான் பார்ப்பாக. சரியா வரலேன்னா அடுத்த கோழி. நல்லது வர்ற வரைக்கும் விடமாட்டாக.”

“சாமியத் தொந்தரவு பண்றதா?”

“பொண்ணு விசயத்துக்குப் பண்ணாம வேற எதுக்குப் பண்றது?”

அப்பா யோசித்தார். “கோழி யாரு கோழி?”

“ஏங்கோழிதான்.”

அப்பா சம்மதித்தார்.

முதல் ஈரலைப் பார்த்துவிட்டு முன்குடுமியார் முகத்தைச் சுளித்தார். குழம்பு வைத்தோம். மறுநாளும் சுளித்தார். வறுவல் செய்தோம். எங்கள் வீட்டில் மணந்தது. அவர் கூண்டு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது செவலைச் சேவல். கடைக்குப் போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாரே, அந்தச் சேவல். அதை அவரே பிடித்து வந்தார். ஈரலை வெயிலில் நீட்டி வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணே, பந்தல் போடுங்க!”

அன்றைக்குக் குழம்பை அவர் தொடவில்லை.

கல்யாணத்தன்று அக்கா அவரிடம் கேட்டாள்: “சித்தப்பா, எங்கள்ல யாருக்கு ஈரல் பார்க்கத் தெரியும்? மொதக் கோழியிலயே நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?”

முன்குடுமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. “நல்லாருக்கே! வாழப்போறது நீயில்ல? ஒனக்கு நெசமாவே நல்லது வரவேணாமா?”

அக்கா பந்தல் என்றும் பாராமல் அழுதுவிட்டாள். அவரை ஊரோடு சேர்ந்து நானும் கிறுக்கர் என்றுதான் சொல்லி வந்தேன். எங்கள் அக்காவுக்கு நல்லது வரும்வரை சாமியை விடாமல் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.