மாப்பிள்ளை வேலை செய்யும் விமானத்தை விசாரித்த விபரம்

சிவமயம்

உடுவில்,
ஆனி, ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய முத்துக்குமாரு அத்தான் அவர்கள் அறிவது,

இங்கே நானும் குணலட்சுமியும் மகள் சாருஜாவும் சுகம். கார் அரைச் சுகம், கிளச் பிடிக்கவில்லை. அங்கே ரொறன்ரோவில் நீங்களும் என் அக்கா இராசமலரும் குளிர், முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் ஆகிய மூன்றையும் வென்று வாழ நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை ஏன் வட்ஸ்அப்பில் சொல்லவில்லை என்று அக்கா கேட்பா. வட்ஸ்அப்பில் சொல்வது வாய்ச்சொல். முப்பத்தைந்து வருடம் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசாக இருந்தவன், கல்யாண விஷயத்தைக் கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் நித்திரை கொள்வான். என் முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா, அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

நிற்க. மாப்பிள்ளை கிருஷாந், மொன்றியலில் லோறன்ஷியா என்ற இரட்டை எஞ்சின் ஜெற் விமானம் செய்கிற கொம்பனியில் எஞ்சினியர் என்றும், முதலாளிமார் ஏழெட்டுப் பேர் ஏறிப் போகிற சொகுசு விமானம் அது என்றும் எழுதியிருந்தீர்கள். சாதகம் பொருந்திவிட்டது. படமும் நல்லாயிருக்கிறது. ஆனால் அத்தான், சாதகமும் படமும் அவர்களே தருவது. விற்கிறவன் நீட்டுகிற உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்த்து எந்த நொத்தாரிசு காணி எழுதுவான்? எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. பின் ஒழுங்கையில் லண்டன் மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்த பிள்ளை, அங்கே போய் இறங்கின பிறகுதான் அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதை அறிந்தாள். அவளுடைய தகப்பன் இன்றைக்கும் கோயில் வீதியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார். எனக்குப் பயம், அத்தான். அதனால் விசாரித்தேன்.

முதலில் முறைப்படி பெடியனின் தகப்பன் பிறந்த பண்டத்தரிப்புக்குப் போனேன். அவர்கள் குடும்பமாக வெளிக்கிட்டு எத்தனையோ வருடம். ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தக்காரர் தேவராசா என்பவர். படலையிலேயே மறித்து வைத்துக் கதைத்தார்.

"உவையளோ? உவையின்ரை அப்பு வேலியை அரை முழம் எங்கடை பக்கம் தள்ளிப் போட்டவர்."

"அது சரி, பெடியன் எப்பிடி?"

"பெடியனை நான் கண்டதில்லை. வேலியைக் காட்டுறன், வாங்கோ."

போய்ப் பார்த்தேன். தள்ளித்தான் போட்டிருக்கிறது. ஆனாலும் அப்புவின் வேலியை வைத்துப் பேரனை மதிப்பது நியாயமில்லை என்று திரும்பிவிட்டேன்.

வருகிற வழியில்தான் புத்தி வேலை செய்தது. மனிதனின் குற்றம் குறையைச் சொந்தக்காரர் மறைப்பார்கள். விமானத்தின் குற்றம் குறையை எவரும் மறைக்க ஏலாது. ஒரு ஆணி கழன்றாலும் எழுதி உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய சட்டமாம். பெடியன் படிப்பு முடித்த நாளிலிருந்து அந்த விமானத்தோடுதான் சீவிக்கிறான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றால், பூவை விசாரித்தால் நாரைப் பற்றித் தெரிந்துவிடும் அல்லவா? சாருஜாவின் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து போன் என்னிடம்தான் இருக்கிறது. அவள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறாள்.

விமானத்தின் பூர்வீகம் கொஞ்சம் சிக்கல். அதைக் கருவில் சுமந்த கொம்பனி, அது பிறக்க முதலே கடனில் முறிந்து வங்குரோத்தாகிவிட்டது. தகப்பனில்லாப் பிள்ளையை இரண்டாவது கொம்பனி சுவீகாரம் எடுத்து, வளர்க்க வழியில்லாமல் மூன்றாவது கொம்பனிக்கு அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டது. கை மாறின சொத்து என்று குணலட்சுமி முகம் சுளித்தாள். ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் இருக்கிறது, வில்லங்கம் எதுவுமில்லை. இந்த வலிகாமத்தில் இவ்வளவு சுத்தமான உரித்தோடு ஒரு காணி இருந்தால் எனக்குக் காட்டுங்கள். முதல் மாதிரி விமானம் எழும்பின அன்று மடங்க வேண்டிய சில்லுகள் மடங்காமல், பறந்த நேரம் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டபடியே பறந்து அப்படியே இறங்கியதாம். இரண்டாவதுக்கு முன்கண்ணாடி வெடித்தது. மூன்றாவதுக்கு வால் நடுங்கினதால் வாலை வெட்டிப் புது வால் வைத்தார்கள். சாருஜா ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதினபோது தொடங்கின சோதனை, அவள் ஏ எல் எழுதினபோதுதான் முடிந்து, பறக்க அனுமதி கிடைத்தது.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு தரம் பெயில் விட்டதையோ எங்கடை பிள்ளைக்குப் பாக்கிறியள்?" என்றாள் குணலட்சுமி.

"பெயில் விட்டதை ஒளிக்காமல் எழுதி வைச்சிருக்கிறாங்கள். அதைப் பார்," என்றேன்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் குடிவகையை விசாரிக்காமல் விடலாமா? விசாரித்தேன். விமானம் குடிப்பது மண்ணெண்ணெய், அத்தான்! கொஞ்சம் வடித்துச் சுத்தமாக்கின மண்ணெண்ணெய், அவ்வளவுதான். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் என் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரை ஓட்டினேனே, மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள்தான் பின் சீற்றில் இருந்து சாவகச்சேரி வரைக்கும் இருமிக்கொண்டு வந்தவர். அந்த நுட்பத்தை இன்றைக்குக் கோடீஸ்வரன்மார் சொகுசு என்று சொல்கிறார்கள். ஏதோ ஒரு வழியில் அந்த விமானம் எங்களுக்குச் சொந்தம் என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

சொந்தம் என்று வந்தபின் சாதகம் பார்க்க வேண்டும். முதன்முதலாக எழும்பின நாளும் நேரமும் போனிலேயே கிடந்தது. புத்தூர்ச் சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எஞ்சின் இரைஞ்ச நேரமோ, சில்லு நிலத்தை விட்ட நேரமோ?" என்று கேட்டார். விஷயம் தெரிந்த மனிதர். சில்லு நிலத்தை விட்ட நேரத்தைக் கொடுத்தேன். மூல நட்சத்திரம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். விமானம் ஆணோ பெண்ணோ?" என்றார். இங்கிலீசில் விமானத்தைப் பெண்ணாகச் சொல்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது; இந்த இடத்தில் மாமனார் நான். நல்ல காலம், மொன்றியலில் கதைப்பது பிரெஞ்சு, பிரெஞ்சில் விமானம் ஆண் என்று கூட வந்திருந்த சாருஜா என்னிடம் போனை வாங்கிப் பார்த்துச் சொன்னாள். பிறந்த ஊரின் பாஷைதான் செல்லுபடியாகும் என்று நான் வாதாடினேன். சாத்திரியாரும் களைத்துப்போய் ஒத்துக்கொண்டார்.

பிறகு நேரே பார்ப்பது. கொழும்பு வியாபாரி ஒருவர் லோறன்ஷியா ஒன்றில் பலாலிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, குணலட்சுமியைக் கூறைச்சீலை மாதிரி ஒன்றைக் கட்டச் சொல்லி, கிளச் பிடிக்காத காரிலேயே கூட்டிக்கொண்டு போய், விமான நிலையத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரத் தம்பி வந்து, "ஐயா, இங்க என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை பாக்க வந்தனாங்கள்."

"எங்கை மாப்பிள்ளை?"

"இன்னும் இறங்கேல்லை."

அந்த நேரம் பார்த்து அது இறங்கியது, அத்தான். வெள்ளை நிறம். இறங்கும்போது ஒரு அதிர்ச்சியில்லை. ஓடிவந்து நின்ற விதத்தில் ஒரு அடக்கம். இரண்டு எஞ்சினும் பின்பக்கம், வாலுக்குக் கிட்ட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. குணலட்சுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு எடுப்பாய் இருக்கு. உயரம்தான் காணாது," என்றாள். பொலிஸ்காரத் தம்பி எங்களைத் தானே கார் வரைக்கும் கொண்டுவந்து ஏற்றிவிட்டார், மிகவும் மரியாதையாக.

இனி நடத்தை. சேவைக்கு வந்த நாளிலிருந்து அது பெரிய பாவம் எதுவும் செய்யவில்லை. கதவு இடுக்கில் விசிலடிக்கிற ஒரு வருத்தம் இருந்து, மருந்து செய்து மாற்றியிருக்கிறார்கள். சிலதை நோயாளரைக் கொண்டுபோகிற அம்புலன்ஸாக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய இருதயத்தை ஐஸ்பெட்டியில் வைத்து இன்னொருவருக்குப் பொருத்த இராப்பகலாகக் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் என் மனதைத் தொட்டது வேறொன்று. ஒருமுறை ஏரி ஒன்றுக்கு மேலே பறக்கும்போது வாத்துக் கூட்டம் வலது எஞ்சினுக்குள் புகுந்து எஞ்சின் நின்றுவிட்டது. விமானி என்ன செய்தார் தெரியுமா? ஒளிக்கவில்லை. பயணிகளைத் திரும்பிப் பார்த்து, "ஒரு எஞ்சின் நிண்டுட்டுது. மற்றது வேலை செய்யுது. அதாலை உங்களைக் கொண்டுபோய் இறக்குவன்," என்று சொல்லி, சொன்னபடி இறக்கினார். இதை வாசித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். என் பிள்ளை கடல் தாண்டிப் போகப்போகிறாள். அங்கே ஏதாவது ஒன்று நின்றுபோனால், அதை அவளுக்கு ஒளிக்காமல் சொல்கிற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையில்லை.

ஆகவே, சகல விசாரணைகளின் பேரிலும் என் முடிவு: சம்மதம். பெடியன் எப்படியோ, விமானம் நல்ல விமானம். ஒரேயொரு நிபந்தனை. கிருஷாந் லோறன்ஷியாவை விட்டு வேறொரு விமானத்துக்கோ வேறெந்த வாகனத்துக்கோ மாறக் கூடாது. மாறினால் இந்தச் சம்மதம் அக்கணமே வலுவிழந்து, எழுதப்படாததற்குச் சமனாகும்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளும். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவவும். கந்தன் துணை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
ச. பஞ்சலிங்கம்,
இளைப்பாறிய நொத்தாரிசு.

பி.கு: கடித உறையை ஒட்டப் போகிற நேரம் என் கையில் இருந்த சாருஜாவின் போன் அடித்தது. நீங்கள் நம்பர் கொடுத்த நாளிலிருந்து அவளும் கிருஷாந்தும் கதைக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். எடுத்து "ஹலோ" என்றேன். கிருஷாந்தின் குரல் வந்தது.

"மாமாவோ? நல்லதாப் போச்சு. உங்களோடைதான் முதல் கதைக்க வேணும். லோறன்ஷியா செய்யிறதை நிப்பாட்டிப் போட்டாங்கள், மாமா. வெள்ளிக்கிழமையோடை எனக்கு வேலையில்லை. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் எனக்கு விளங்கும். ஆனா இதை ஒளிச்சு வைச்சுக்கொண்டு தாலி கட்டமாட்டன்."

ஒட்டாத உறையைக் கீழே வைத்தேன். "இனி என்ன செய்யப் போறீர், தம்பி?" என்று கேட்டேன்.

"பனி தள்ளுற மெசின் திருத்துற இடத்திலை வரச் சொல்லியிருக்கினம். திங்களிலை இருந்து போறன். கையிலை தொழில் இருக்கு, மாமா. சாருஜாவை விழ விடமாட்டன்."

சாருஜா குசினி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள். நான் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அத்தான், மேலே எழுதினதெல்லாவற்றையும், முக்கியமாக அந்த நிபந்தனையை, குறுக்கே கோடு போட்டு வெட்டிவிடுங்கள். பூ போய்விட்டது, நார் தன் மணத்தோடு நிற்கிறது. மருமகனிடம் சொல்லி ஆவணியில் நாள் வையுங்கள். அந்தப் பனி தள்ளுகிற மெசினின் பூர்வீகம் எனக்குத் தெரியாது, விசாரிக்கப் போவதுமில்லை. முப்பத்தைந்து வருடத்தில் உரித்து எதுவும் தேடிப் பார்க்காமல் நான் வைக்கிற முதல் கையெழுத்து இது.

ச. பஞ்சலிங்கம்