புறவாசல் அடுப்பில் மாடன் குடியேறிய விவரம்

சிவமயம்

திருநெல்வேலி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனர் குமரகுருபரனுக்கு அத்தான் சிவசண்முகம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீடும் ஒருவிதமாகச் சுகம். வள்ளியூரில் நீரும் பிள்ளைகளும், ஒரு வாரமாக உம் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் மனைவியும் சுகமாக இருக்க நெல்லையப்பர் அருள்வாராக. போனில் பேசலாம் என்றால், உம்முடைய போனையும் பாலம்மாளே எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். ஆகையால் தபால். அவள் சொன்ன கதையை மட்டும் கேட்டு நீர் ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதல்லவா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அவளை அனுப்பி வையும்.

எல்லாம் என் மகள், உம் மருமகள் அனுராதா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பாலாடைக்கட்டியில் தொடங்கியது. விறகுப் புகையிலேயே வைத்துப் பதப்படுத்தியதாம். ஒரு துண்டு தின்றேன், சொக்கிப் போனேன். நாமே செய்தால் என்ன என்றேன். "சாம்பாருல பொட்டுப் புகை மணத்தாலே எலையத் தள்ளிட்டு எந்திரிக்க மனுசன், இப்ப புகையவே திங்கணுங்கீயளே" என்றாள் உம் அக்காள். சைவ வீட்டில் நமக்கென்ன, மீனா கறியா? கத்தரிக்காய், மோர்மிளகாய், பன்னீர், அவ்வளவுதான். புகை அறைக்கு, வெள்ளத்தில் ஊறித் துருப்பிடித்துக் கிடந்த பீரோவைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன். ஆமாம், உம் அப்பா சீராகக் கொடுத்த அதே பீரோதான். முகத்தைச் சுளிக்க வேண்டாம், அது இப்போதுதான் ஒழுங்காகச் சாத்துகிறது.

தீ எரிகிற அடுப்புப் பெட்டி பீரோவைவிடத் தாழ்வாக, தள்ளி இருக்க வேண்டும். தீ அங்கேயே நிற்கும், புகை மட்டும் குழாய் வழியாகப் பீரோவுக்குப் போகும். உத்தியோகக் காலமெல்லாம் குளத்து மதகுக்கும் கலிங்குக்கும் படம் வரைந்தவன் நான். தண்ணீரைத் திருப்பினவனுக்குப் புகையைத் திருப்பத் தெரியாதா? அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல், முன்னால் விறகு போட ஒரு வாய், உச்சியில் குழாய் என்று படம் போட்டுக் கொத்தனார் முப்பிடாதியிடம் கொடுத்தேன். "இது நம்ம கை பழகுன வேலைல்லா அண்ணாச்சி, பைய கட்டிருவோம்" என்றார். அவர் ஊர் ஊராகப் போய், காவல் தெய்வம் மாடனின் கோயில்களுக்கு இதே வடிவில் பீடம் கட்டுகிறவர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் செங்கல் வைத்து, சுண்ணாம்பு பூசி, மிச்சமிருந்த காவியில் பட்டையும் அடித்துவிட்டார். "மொட்டையா இருந்துச்சு, அதான்" என்றார்.

மற்றதை உம் அக்காள் செய்தாள். இதை உம்மிடம் சொல்லியிருக்க மாட்டாள். அக்கினி மூலையில்தான் அடுப்பு இருக்க வேண்டும் என்று சந்து மதிலை ஒட்டிக் கட்டவைத்தவள் அவள். புது அடுப்பைச் சும்மா பற்றவைக்கலாமா என்று திருநீற்றுப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, அரளி மாலை சாத்திப் பால் காய்ச்சினவளும் அவள்தான். மறுநாள் கொய்யா விறகு போட்டுப் பற்றவைத்தேன். வாய்க்குக் கதவு வைக்க மறந்திருந்தேன், அதனால் பாதிப் புகை முன்னாலேயே வந்தது. அந்நேரம் பார்த்து ஆற்றுக்குக் குளிக்கப் போன பூக்காரி சுடலைவடிவு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பீடம், காவிப் பட்டை, நெற்றியில் திருநீறு, வாயில் புகை. "யப்பா மாடா! இங்கனயா இருக்க!" என்று ஒரு முழம் பூவை வீசிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே அவளுடைய பசு வீடு திரும்பிவிட்டதாம். அந்தப் பசு தினமும் சாயங்காலம்தான் வீடு திரும்பும், அதை யார் கேட்கிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை சந்து கொள்ளாத கூட்டம். எலுமிச்சம்பழம் வந்தது, பன்னீர் வந்தது (தெளிக்கிற பன்னீர்). ஒருவர் சுருட்டைப் பற்றவைத்து அடுப்பின் வாயில் வைத்தார். என் படத்தைக் குறை சொல்ல முடியாது, சுருட்டுப் புகையை உள்ளே இழுத்த இழுவை நன்றாகத்தான் இருந்தது. பீரோவிலிருந்த கத்தரிக்காய் முழுவதும் பிரசாதமாகப் போயிற்று. இது அடுப்பு ஐயா என்று தொண்டை வற்றக் கத்தினேன். "அவன் வந்து இருந்துட்டா அடுப்பென்ன, அம்மியென்ன?" என்கிறார்கள். அடுத்த தெரு ஐயம்பெருமாள் ஒருபடி மேலே போய், "அண்ணாச்சி, மாடன் கொடைக்கு வெட்டக் கிடா ஒண்ணு போதுமா?" என்று நடுவீட்டில் நின்று கேட்டுவிட்டார். பாலம்மாள் பையை எடுத்தாள். "கிடா கேக்க சாமி இருக்க வீட்டுல நான் எப்பிடி அடுப்புப் பத்தவைப்பேன்? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். இடிக்க வாரும் என்று முப்பிடாதியைக் கூப்பிட்டால், "கட்டத்தான் அண்ணாச்சி நான். இடிக்கதுக்கு ஆகாது, புள்ளகுட்டிக்காரன்" என்று நழுவுகிறார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் கிடையாது, பயமும் கிடையாது. செங்கல் செங்கல்தான். ஆனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, மைத்துனரே. அவள் இல்லாமல் எனக்கு ஓடவில்லை. நான் வைக்கிற சாம்பாரில் புகை மணக்கிறது, இலையைத் தள்ளிவிட்டு யாரிடம் போய்ச் சடைத்துக்கொள்ள? நாளைக் காலையில் நானே சம்மட்டி எடுத்து அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிடுகிறேன். இந்தப் பத்தியை உம் அக்காளுக்குக் கேட்கும்படி உரக்கப் படியும். மூட்டுவலி மாத்திரையை வேறு இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, கொத்தனாரை விசாரித்து வேலைக்கு வைக்கும் புத்தியோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உம் அத்தான்
சிவசண்முகம்

பின்குறிப்பு (சனிக்கிழமை): இதை உரக்கப் படிக்க வேண்டாம். இன்று காலை சம்மட்டியோடு போனேன், ஓங்கவும் செய்தேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் திரும்பி வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். நேர்ச்சையாகப் பூசணிக்காய் உடைக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முன்னால் நின்றபோது சேவல் என்று வந்துவிட்டது. ஆகவே பாலம்மாளை அனுப்பும் அன்றே, வள்ளியூர்ச் சந்தையில் நல்ல சிவப்புச் சேவலாக ஒன்று பார்த்து, வேறு பஸ்ஸில் அனுப்பவும்.