கிளிப் போட்ட ரயில்

ரொட்டிக்கடைக்காரர் வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல் டாக்டர் அந்த வாயைப் பார்க்கவில்லை. தட்டில் பஞ்சுக்கும் இடுக்கிக்கும் நடுவே நின்றிருந்த சின்ன ரயில் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

நேற்று ராத்திரி அவர் பொருத்திய புது ஜன்னல்கள், காலையில் பார்த்தால் வெந்நீர் விட்ட குளியலறைக் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போயிருந்தன. ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நாலு பெட்டியிலும் அத்தனை ஜன்னலும்.

"டாக்டர், வாய் வலிக்குது," என்றார் ரொட்டிக்கடைக்காரர், வாயை மூடாமலே.

"எனக்குத் தலையே போகப்போகுது," என்றார் டாக்டர்.

பெட்டிகள் மாமனாருடையவை. கீழே மாப்பிள்ளையின் கிளினிக், மாடியில் மாமனாரின் ரயில் அறை. மேஜை கொள்ளாமல் தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல். இளவயதில் முதல் சம்பளத்தில் வாங்கிய ரயில். தூசி தட்டக்கூட யாரையும் உள்ளே விடமாட்டார். மனிதர் ஓய்வு பெற்ற சர்வேயர். 'என் கண்ணுக்கு அரை நூல் பிசகினாலும் தெரியும்' என்று தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை அரை நூல் சாய்ந்து நிற்கிறார் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தச் சாய்வை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, பெட்டிகளை நீட்டினார்.

"எல்லாம் பழைய மாடல் மாப்பிள்ளை. ஜன்னல் பாருங்க, புகை புடிச்ச மாதிரி மங்கிக் கெடக்கு. கொக்கியும் தேஞ்சு போச்சு. நானும் எத்தனை தடவை மாட்டிப் பாக்கறது? ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது. புது ஜன்னலும் காந்தக் கொக்கியும் வரவழைச்சிருக்கேன். நாங்க பெரியவ வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மாத்தி வைங்க. பல்லப் புடுங்கறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அவர் போனதும் மனைவி வந்து நின்றாள். "என்னங்க, எங்கப்பா இதுவரைக்கும் உங்க கையில ஒரு குடையக்கூட நம்பிக் குடுத்ததில்ல. இப்ப ரயிலயே குடுத்திருக்காரு. சொதப்பிடாதீங்க."

சொதப்பக்கூடாது என்றுதான் டாக்டரும் உட்கார்ந்தார். பழைய ஜன்னல்களைக் கழற்றும்போது அவை அவ்வளவு மோசமாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சர்வேயர் கண்ணுக்குத் தெரிவது பல் டாக்டர் கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது? கொக்கிகளும் லேசில் வரவில்லை. கடைவாய்ப் பல் மாதிரி அடம்பிடித்தன. இடுக்கியைப் போட்டு இழுத்தார். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, பிடுங்கிய பற்கள் இருந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

புது ஜன்னல் வந்த பொட்டலத்தில், மெதுவாகக் காயும் பசைதான் போடவேண்டும் என்று எழுதியிருந்தது. டாக்டருக்குப் பொறுமை இல்லை. நொடியில் ஒட்டும் பசையைப் போட்டு, கூரையையும் மூடிவிட்டுத் தூங்கப் போனார். பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் ராத்திரி முழுக்க உள்ளேயே சுற்றி, கடைசியில் ஜன்னல்களில் படிந்துவிட்டது.

"டாக்டர், இந்த வலது பக்கப் பல்லப் புடுங்கிடுங்க, நான் போறேன்," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நீங்க சொன்னீங்கன்னு நான் புடுங்க முடியாதுய்யா. வலிக்கற இடம் ஒண்ணா இருக்கும், கோளாறு இருக்கற இடம் ஒண்ணா இருக்கும். நான் பாத்துட்டுத்தான் கை வைப்பேன். நல்ல பல்லப் புடுங்கினா பாவம்."

பார்த்தார். கோளாறு இடது பக்கம்தான். ரொட்டிக்கடைக்காரர் அதிசயித்துக்கொண்டே போனார்.

கதவு மூடியதும் டாக்டர் ரயில் பெட்டியைக் கையில் எடுத்தார். பல்லுக்கு மெருகு போடும் பசையைத் தடவி, சுழலும் பிரஷ்ஷை வைத்தார். ஜன்னல் அப்படியே இருந்தது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஓடிய தங்கக் கோடு பாதி காணாமல் போயிருந்தது.

"கோடு பளபளன்னு போயிடுச்சு டாக்டர்," என்றாள் நர்ஸம்மா. கிளினிக் திறந்த நாளிலிருந்து அவருடன் இருப்பவள். பயம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது.

"வாய மூடும்மா. கொக்கியாவது ஒழுங்கா வரட்டும்."

கொக்கி அதற்கு மேல். காந்தத்தின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கவேண்டும் என்பதைக் கவனிக்காமல், எல்லாப் பெட்டியிலும் ஒரே பக்கத்தை வெளியே வைத்து, அதே பசையால் ஒட்டியிருந்தார். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் கொண்டுபோனார். கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கமும் அதே கோபம்.

"பழைய கொக்கியவே திரும்ப மாட்டிடுங்களேன்," என்றாள் நர்ஸம்மா.

"ஓட்டையெல்லாம் பசை போய் அடைச்சுக் கல்லா ஆயிடுச்சு."

"துளை போடற மெஷின் நம்மகிட்ட இல்லாததா?"

இருந்தது. போட்டார். பசை உடைவதற்குள் துளை பெட்டியின் தரையைத் தாண்டிப் போய்விட்டது.

அப்போதுதான் மனைவி படியிறங்கி ஓடி வந்தாள். "என்னங்க! அம்மா போன் பண்ணாங்க. நாளைக்கு இல்லையாம், இன்னிக்கே வர்றாங்களாம். பாதி வழி வந்தாச்சாம்!"

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணில் பட்டது, எத்துப்பல்லுக்குக் கிளிப் போடும் கம்பிச் சுருள்.

பெட்டிக்குப் பெட்டி கம்பியை முறுக்கிக் கட்டினார்.

"ரயிலுக்கே கிளிப் போட்ட முதல் டாக்டர் நீங்கதான்," என்றாள் நர்ஸம்மா.

மாடிக்குத் தூக்கிப்போய் இஞ்சினோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். நேர்ப்பாதையில் ஜம்மென்று போனது. மனைவி கைகூடத் தட்டினாள். வளைவு வந்ததும் கம்பி வளைய மறுத்தது. நாலு பெட்டியும் ஒற்றுமையாக ஒரே பக்கம் சாய்ந்து படுத்தன.

"ஸ்டேஷன்லயே நிக்கட்டும். ஓட்டவே வேண்டாம். சிவப்பு சிக்னல்னு சொல்லிடலாம்," என்றார் டாக்டர்.

"அதோட எங்கப்பா சும்மா விடுவாரா? பெரிய மாப்பிள்ளையா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பாரான்னு ஆரம்பிச்சா, இந்த ஜென்மத்துக்கு நிறுத்த மாட்டாரு."

கீழே கார் வந்து நின்றது.

மாமனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினார். மாமியார் பின்னால் பைகளோடு வந்தார்.

"என்ன மாமா, புதுசா கண்ணாடி?"

"வெயில்," என்றார் மாமனார். வெளியே மேகமூட்டமாக இருந்தது. "ரயில் எங்கே?"

"கொஞ்சம் காப்பி சாப்பிட்டுட்டு..."

"ரயில் எங்கேன்னு கேட்டேன்."

விறுவிறுவென்று மாடி ஏறினார். டாக்டர், மனைவி, நர்ஸம்மா மூவரும் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார்கள். மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜை மேல் குனிந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் திட்டவில்லை. அதுதான் டாக்டருக்குப் பயமாக இருந்தது. உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார். விடுவிடென்று போய்ச் சுவர்க் கடிகாரத்தை முறைத்தார். திரும்பி வந்து மறுபடி ஜன்னல். 'கோபத்தில் ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று டாக்டர் நினைத்தார்.

"மாப்பிள்ளை..." என்று இழுத்தார். "இந்த ஜன்னலெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியுது?"

மனைவி முதுகில் கிள்ளினாள்.

"பளிச்சுன்னு இருக்கு மாமா! கண்ணாடி தோத்துடும்!"

"பளிச்சுன்னா... இருக்கு?" மாமனார் தடுமாறி நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு."

"அப்பா! என்னப்பா பண்ணுது?" மனைவி தண்ணீருக்கு ஓடினாள்.

நாலு பெட்டி ஜன்னலுக்காக மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டால்? டாக்டர் அவர் காலடியில் உட்கார்ந்தேவிட்டார்.

"மன்னிச்சிடுங்க மாமா. பொய் சொல்லிட்டேன். ஜன்னல் மங்கிப் போச்சு. நான்தான் அவசரப்பட்டுத் தப்பான பசையப் போட்டுக் கெடுத்துட்டேன். கோடும் போச்சு. கொக்கியும் போச்சு. அடியில ஒரு ஓட்டைகூட இருக்கு."

மாமனார் தலையைத் தூக்கினார். "மங்கியா இருக்கு?"

"ஆமா மாமா."

"நெஜமாவே மங்கலா? நீங்க பாத்தாலும் மங்கலா?"

"சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு மாமா."

"நர்ஸம்மா, நீங்க சொல்லுங்க!"

"பால் ஊத்தின டம்ளர் மாதிரி இருக்குய்யா. அந்தப் பக்கம் ஆனையே நின்னாலும் தெரியாது."

மாமனார் துள்ளி எழுந்தார். மாப்பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டார். "நல்லாக் கெடுத்தீங்க மாப்பிள்ளை! ரொம்ப நல்லாக் கெடுத்தீங்க! என் வயித்துல பால வார்த்தீங்க!"

கல்யாணத்தன்றுகூட அணைக்காத கைகள். அணைப்புக்குள்ளிருந்தபடியே டாக்டர் மனைவியைப் பார்த்தார். தண்ணீரும் கையுமாக நின்ற அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அந்தப் பழைய ஜன்னலெல்லாம் எங்கே?" என்றார் மாமனார்.

நர்ஸம்மா கீழே போய் ஜாடியை எடுத்து வந்தாள். மாமனார் ஒரு ஜன்னலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கொக்கிகளை எடுத்து விரல் நுனியில் நெருக்கினார். டக்கென்று மாட்டிக்கொண்டன. கழற்றினார். மறுபடி மாட்டினார். டக்.

"ஏன் மாப்பிள்ளை, ஸ்படிகமாட்டம் இருக்கு. கொக்கி கும்முனு புடிக்குது. இதுல என்ன கோளாறுன்னு கழட்டினீங்க?"

டாக்டருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "நீங்கதானே மாமா சொன்னீங்க! மங்கிப் போச்சு, மாட்டவே மாட்டேங்குதுன்னு!"

"சொன்னா? பாக்காமலேயா புடுங்கினீங்க டாக்டர்?" என்றாள் நர்ஸம்மா.

மாமனார் கொக்கிகளை ஜாடிக்குள் மெதுவாகப் போட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடியைத் தேடி மேஜையைத் தடவ ஆரம்பித்தார்.

அதற்குள் மாமியார், கையில் ஒரு சின்ன மருந்துக் குப்பியோடு மூச்சிரைக்கப் படியேறி உள்ளே வந்தார்.

"உங்க ரயில் சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். தலைய நிமித்தி உக்காருங்க, போன எடத்துல புரை எடுத்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விடணும்."